‘கோயில்’ எப்படி ‘கேயில’ ஆனது?

கேள்வி: மேடம், என் மகனுக்கு 9 வயது. மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், நாலாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான். ராத்திரி பார்த்த சீரியலை மறுநாள் ஆச்சிக்கு ஒரு வசனம் விடாமல் சொல்வான். கடையில் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவான். புத்தகத்தை விரித்தால் மட்டும் எழுத்துக் கூட்டுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. பரீட்சையில் பத்து, பன்னிரண்டு மார்க்தான். மிஸ் ‘சோம்பேறி, கவனமே இல்லை’ என்கிறார். டியூஷனில் ஒவ்வொரு தப்புக்கும் இருபது தடவை இம்போசிஷன், சில நாள் ஸ்கேல் அடியும் உண்டு. யூடியூபில் டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு பற்றி ஒரு வீடியோ பார்த்ததில் இருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என் அத்தை ‘அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது, வல்லாரையைக் கொடு’ என்கிறார். வீட்டுக்காரர் பைக் பட்டறை வைத்திருக்கிறார், எட்டாவதோடு நின்றவர். ‘நானும் அப்படித்தான் இருந்தேன், போகப் போகச் சரியாயிடும்’ என்கிறார். அவரே பேங்கில் ஃபாரம் நிரப்ப வேண்டும் என்றால் ‘கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டேன்’ என்று என்னை எழுதச் சொல்வார். பள்ளியில் டி.சி. வாங்கித் தமிழ் மீடியத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். இது நோயா, சோம்பேறித்தனமா? சர்டிபிகேட் வாங்கினால் பையன் மேல் முத்திரை விழுந்துவிடாதா? யு.கே.ஜி. படிக்கும் மகளுக்கும் வருமா? அவன் நோட்டில் மூன்று பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மூன்று போட்டோக்களுக்கு முதலில் நன்றி. என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் ரேங்க் கார்டோடுதான் வருவார்கள். பன்னிரண்டு மார்க் என்ற எண், பிள்ளை விழுந்துவிட்டான் என்பதோடு நின்றுவிடும். எந்தக் கல் தடுக்கியது என்று தெரிய வேண்டுமானால் நோட்டைத்தான் புரட்ட வேண்டும்.

முதல் பக்கம் தமிழ் டிக்டேஷன். பத்துச் சொல், நான்கு சரி. மீதி ஆறுக்கும் மிஸ் ஒரே மாதிரி சிவப்புக் கோடு இழுத்திருக்கிறார். எனக்கு அவை ஒரே இனத் தப்பாகத் தெரியவில்லை.

‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளைப்பளம்’ என்று எழுதியிருக்கிறான். இதை விட்டுவிடுங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் வாயில் வருவதே அப்படித்தான். காதில் விழுந்ததை ஒழுங்காக எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். ல-ள-ழ குழப்பம், ர-ற குழப்பம் எல்லாம் கல்யாணப் பத்திரிகை முதல் கட்அவுட் வரை இருக்கிறது. அதை வைத்து ஒரு குழந்தைக்குக் குறைபாடு என்று பெயர் வைக்க முடியாது.

‘சிங்கம்’, ‘சிகம்’ ஆகியிருக்கிறது. ‘பட்டம்’, ‘படம்’ ஆகியிருக்கிறது. ‘தொப்பி’, ‘தெபி’. என் கண் இங்கேதான் நின்றது. ‘சிங்கம்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நடுவில் மூக்கைத் தொட்டுவிட்டுப் போகும் அந்த ‘ங்’, கண் சிமிட்டும் நேரம்கூட நிற்பதில்லை. எழுதப் படிக்கக் கற்கும் பிள்ளைகள் ஏழு, எட்டு வயதுக்குள் அதைத் தனியாகப் பிரித்தெடுக்கப் பழகிவிடுவார்கள். உங்கள் மகனுக்குச் சொல் முழுசாகக் கேட்கிறது, பொருளும் புரிகிறது. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகள்தான் தனித்தனியாக உதிர்ந்து கைக்கு வருவதில்லை. ஒலியைப் பிரிப்பது, பிரித்ததை எழுத்தோடு கோப்பது: டிஸ்லெக்ஸியா உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான். எழுத்துகள் தலைகீழாகத் தெரியும், பக்கத்தில் ஆடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே, அது பார்க்க நன்றாக இருக்கும். பழி மட்டும் தவறாகக் கண் மேல் விழுகிறது.

அடுத்து ‘கோயில்’. எழுதியிருப்பது ‘கேயில’. தமிழ் எழுத்தில் ஒரு குறும்பு உண்டு. நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை. ‘கோ’ என்று சொல்லும்போது முதலில் வருவது ‘க்’, பிறகுதான் ‘ஓ’. எழுதும்போது இரட்டைக்கொம்பு முதலில், நடுவில் ‘க’, கடைசியில் கால். பின்னால் ஒலிப்பதில் பாதியை முன்னால் போட்டு, மீதியைப் பின்னால் போட வேண்டும். ஒலியைப் பிடித்து வைத்திருப்பதே கஷ்டமாக இருக்கும் பிள்ளைக்கு இது இரட்டை வேலை. கொம்பைப் போட்டான், ‘க’வைப் போட்டான், கால் போடுவதற்குள் அடுத்த ஒலிக்குப் போய்விட்டான். கடைசியில் புள்ளி வைக்கவும் நேரம் இல்லை. ‘மைதானம்’, ‘மதைனம்’ ஆனதும் இதே கதைதான். ‘மை’யின் கொம்பு ஓர் எழுத்து தள்ளி உட்கார்ந்துவிட்டது, ‘தா’வின் கால் காணாமல் போய்விட்டது.

டிக்டேஷனுக்குக் கீழே ‘பள்ளி’ என்று இருபது தடவை இம்போசிஷன். முதல் ஆறு சரி. ஏழாவதில் புள்ளி போய் ‘பளளி’. பதினான்காவதில் ‘பல்லி’. அதற்குப் பிறகு கடைசிவரை பல்லிதான் ஊர்கிறது. தனக்கு மேலே தானே எழுதிய தப்பைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறான். இருபது தடவை எழுத வைத்து ஒரு தப்பை மனப்பாடம் ஆக்கியிருக்கிறோம். இம்போசிஷனை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்கேலையும்தான், நிறுத்தவில்லை என்றால் டியூஷனையே நிறுத்திவிடுங்கள், நஷ்டம் ஒன்றும் வராது.

இரண்டாவது பக்கம் ஆங்கிலம். சின்ன ‘பி’யும் (b) சின்ன ‘டி’யும் (d) இரண்டு இடத்தில் மாறியிருக்கின்றன. இதைத்தான் நீங்கள் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ஏழு வயது வரை இந்தக் கண்ணாடி எழுத்து பல பிள்ளைகளுக்கும் வரும். ஒன்பது வயதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான், ஆனாலும் இது பெரிய தடயம் இல்லை. பொதுவாக ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறும் பிள்ளையை யாராவது கூட்டி வந்தால் நான் முதலில் பள்ளியைத்தான் சந்தேகிப்பேன். வீட்டில் யாரும் பேசாத மொழி, எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் ஒத்துவராத ஸ்பெல்லிங், அதையும் மொத்தமாக மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்பு: இதில் தடுமாறுவது இயல்பு. தமிழ் அப்படி இல்லை. 247 எழுத்து என்று கணக்குச் சொன்னாலும், 12 உயிரும் 18 மெய்யும் ஒரு கைப்பிடிக் குறிகளும் பிடிபட்டால் எதையும் வாசித்துவிடலாம். நாலு வருடம் சொல்லிக்கொடுத்த பிறகும் தாய்மொழியிலேயே கொம்பும் காலும் புள்ளியும் இப்படி உதிர்ந்தால், அதைச் சோம்பேறித்தனம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது பக்கம் கணக்கு. கூட்டல், கழித்தல், இருப்பெண்ணோடு எல்லாம் சரி. வாக்கியக் கணக்கு நான்கும் வெற்றிடம். அந்த நான்கையும் நீங்கள் வாசித்துக் காட்டி விடை கேளுங்கள். சொல்லிவிட்டான் என்றால் அவனுக்குக் கணக்கில் பிரச்சினை இல்லை, கேள்வியை வாசிப்பதில்தான். கணக்கிலேயே குறைபாடு உள்ள பிள்ளைகள், டிஸ்கால்குலியா என்பார்கள், வேறு மாதிரி இருப்பார்கள். ஏழு பெரிதா ஒன்பது பெரிதா என்பதற்கே நாலாம் வகுப்பில் விரல் விட்டுப் பார்ப்பார்கள், சில்லறை வாங்கி வரச் சொன்னால் முழிப்பார்கள். உங்கள் பையனுக்கு அந்தக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

மூன்று போட்டோவை வைத்து நோய்க்குப் பெயர் சொல்லும் ஆள் நான் இல்லை. வலுவான சந்தேகம் என்று சொல்லலாம். வீட்டிலேயே நீங்கள் இரண்டு விஷயம் பார்க்கலாம். ஒன்று, ஒலி விளையாட்டு. ‘மாடு’ சொல்லு, இப்போ ‘மா’ இல்லாமல் சொல்லு. ‘கல்’லில் ‘க்’கை எடுத்துவிட்டு ‘ப்’ போடு, என்ன வரும்? இதில் பேப்பர், பேனா கிடையாது, சோறு ஊட்டிக்கொண்டே கேட்கலாம். வயதொத்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் கேட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். இன்னொன்று, அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்வது. ‘டபிலு’, ‘மெகோசி’, ‘நைடாபு’ மாதிரி. ஏன் என்றால் இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், பாடப் புத்தகத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறுமி என் எதிரில் உட்கார்ந்து பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். அம்மாவுக்கு ஒரே பெருமை. எட்டிப் பார்த்தால் புத்தகத்தில் வேறு பக்கம் திறந்திருந்தது. அன்று முதல் கடைசிச் சொல்லில் இருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்வது என் வழக்கமாகிவிட்டது. அந்த மாதிரிப் பெண் குழந்தைகள் வகுப்பில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதால் பல வருடம் யார் கண்ணிலும் படுவதில்லை.

பரிசோதனைக்குப் போகும் முன் கண், காது இரண்டையும் பார்த்துவிடுங்கள். ‘கவனமே இல்லை’ என்று மிஸ் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். ஓரிரு தடவையாவது கூப்பிட்டாலும் தொட்டாலும் தெரியாமல் சில விநாடி வெறித்துப் பார்த்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல் தொடர்ந்தானா என்று கேளுங்கள். ஒருவகை வலிப்பு இப்படித்தான் வரும், மருந்தால் கட்டுப்படும். கவனக்குறைவுக் குறைபாடும் வாசிப்புக் குறைபாடும் சேர்ந்தே வருவதும் உண்டு. சீரியலை உட்கார்ந்து பார்க்கிறானே என்பது அதற்குப் பதில் ஆகாது. டிவி முன்னால் எல்லாரும்தான் உட்காருவார்கள்.

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று ஒன்று அரசு நடத்துகிறது, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் தெரியும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் கற்றல் குறைபாடும் ஒரு பிரிவு, சேவை இலவசம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். அங்கே குழந்தைகள் நல மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் என்று ஒரு குழுவாகப் பார்ப்பார்கள். முதலில் அறிவுத்திறன் சோதனை, பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய எஸ்.எல்.டி. (குறிப்பிட்ட கற்றல் குறைபாடு) சோதனைத் தொகுப்பு மாதிரியான வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். ஒரே நாளில் முடியாமல் போகலாம். தமிழிலும் வாசிக்க, எழுத வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நோட்டுகளையும் கொண்டு போங்கள். தனியாரிடம் போனால், அரைமணி நேரத்தில் ஒரு பக்க ரிப்போர்ட் தரும் இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

‘அந்தக் காலத்தில் ஏது’ என்று கேட்ட உங்கள் அத்தைக்கு ஒரு கதை. 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். ஏழு வயதில் இருந்து சொல்லிக்கொடுத்தும் பையனுக்கு வாசிப்பு வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி ‘பிரெசி’ என்று எழுதினான், தப்பு என்றும் தெரியவில்லை. அதே பையன் 749-ஐ 867-ஆல் சடசடவென்று சரியாகப் பெருக்கினான். பாடம் முழுக்க வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய வாத்தியார் சொன்னாராம். ஆக, அந்தக் காலத்திலும் இருந்தது. வல்லாரையைத் துவையல் அரைத்து எல்லாரும் சாப்பிடுங்கள். வாசிப்பு அதனால் வராது. டானிக், ‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’, கலர் கண்ணாடி எதற்கும் பணம் கட்டாதீர்கள். கலர் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2009-லேயே கண் மருத்துவர்களோடு சேர்ந்து அறிக்கை விட்டிருக்கிறது. இன்னொன்று, ஐன்ஸ்டைனுக்கும் இது இருந்தது என்று வாட்ஸ்அப்பில் வரும். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அவனுக்கு ஐன்ஸ்டைன் வேண்டாம், ‘சிங்கம்’ எழுதத் தெரிந்தால் போதும்.

வாசிப்பு வர ஒரே வழி, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாகக் கோத்துச் சொல்லிக்கொடுப்பது. தினமும் பதினைந்து, இருபது நிமிடம். தாம்பாளத்தில் அரிசியோ மணலோ பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே அந்த ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். 1930-களில் அமெரிக்காவில் ஆர்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் வகுத்த முறையின் சாரம் இது: கண், காது, வாய், கை எல்லாம் ஒரே நேரத்தில். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். நாம்தான் விஜயதசமி அன்று ஒரு நாளோடு அரிசித் தட்டை எடுத்து வைத்துவிடுகிறோம். முதல் இரண்டு வாரம் கொம்பே வேண்டாம். கால், புள்ளி மட்டும்: கல், கால், பல், பால். அது உறுதியான பிறகு ‘ங்க’, ‘ந்த’, ‘ட்ட’. ஒற்றெழுத்து வரும் இடத்தில் கையைத் தட்டச் சொல்லுங்கள்: ‘சி’, தட்டு, ‘கம்’. விடுபட்ட ‘ங்’ இருக்கும் இடம் கைக்குத் தெரிந்துவிடும். கொம்பு கடைசியில் வரட்டும், வேறு நிறத்தில் எழுதிக் காட்டுங்கள். பாடக் கதைகளை நீங்கள் வாசித்துச் சொல்லிவிடுங்கள். வாசிப்பு வரும்வரை அறிவு காத்திருக்க வேண்டியதில்லை. சிறப்பாசிரியர் கிடைத்தால் வாரம் இரண்டு, மூன்று நாளாவது அவரிடம் அனுப்புங்கள். ஆறு மாதத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். மற்றவர்கள் வேகத்துக்கு வந்துவிடுவானா என்று கேட்டால், வாசிப்பான், கொஞ்சம் மெதுவாகத்தான் வாசிப்பான்.

சர்டிபிகேட் பயம் எல்லாருக்கும் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்தக் குறைபாட்டுக்கு இடமே இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில்தான் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு சேர்ந்தது. 2018-இல் வந்த வழிகாட்டுதல்படி மூன்றாம் வகுப்பு அல்லது 8 வயதில் பள்ளியே முதல்கட்டமாகக் கண்டறிய வேண்டும். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டியாயிற்று. சர்டிபிகேட் ஃபைலில் இருக்கும் காகிதம். பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாடச் சலுகை கேட்க உதவும். என்னைக் கேட்டால் கூடுதல் நேரத்தை முதலில் கேட்பேன், எழுத ஆள் கேட்பதைக் கடைசியில் வைப்பேன், தமிழை விட்டுவிடும் சலுகையைப் பலமுறை யோசிப்பேன். சர்டிபிகேட் தாமதமானாலும் அரிசித் தட்டு நாளைக்கே தொடங்கலாம். முத்திரை என்றீர்களே, ‘சோம்பேறி’ என்பது ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதைவிட இந்தப் பெயர் மோசம் இல்லை.

டி.சி. விஷயத்தில் பள்ளிக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆவது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. 2016 சட்டத்திலும் 16-ஆவது பிரிவுதான், நினைவில் வைக்க வசதி: அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுக்க வழி செய்ய வேண்டும். சண்டைக்குப் போக வேண்டாம். வகுப்பில் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள், அறிவியலில் ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைக்காதீர்கள், தெரியாததை வாயால் கேளுங்கள்: இந்த மூன்றை மட்டும் மிஸ்ஸிடம் கேளுங்கள். தமிழ் மீடியம் மருந்து ஆகாது. ஆனால் இந்தப் பையனுக்குத் தமிழில் வாசிப்பு முதலில் பிடிபட்டால் ஆங்கிலத்துக்கும் கை கொடுக்கும் என்பது என் அனுபவம். மீடியத்தை மாற்றுவதை ஆண்டு இறுதியில், பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், கவனம் போதும். குடும்பத்தில் வரும் விஷயம் என்பதால்தான் சொல்கிறேன். பாட்டில் எதுகை பிடிபடாமல் இருப்பது, ‘கொசுவத்தி’யை ‘கொவசுத்தி’ என்று ஒலி மாற்றியே சொல்வது, வருடம் முடிந்தும் நாலைந்து எழுத்தின் பெயர்கூட நிற்காமல் போவது: இவை இருந்தால் அடுத்த வருடம் காட்டுங்கள். எழுதச் சொல்லி நெருக்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்காரர். ‘நானும் அப்படித்தான் இருந்தேன்’ என்று அவர் சொன்னதை நீங்கள் சமாதானமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான், மறந்து வைத்துவிட்டு வரும் கண்ணாடி அடுத்தது. பரிசோதனை நாளில் பட்டறையை அரைநாள் பூட்டிவிட்டு அவரும் வரட்டும். சின்ன வயதில் படிப்பு எப்படி இருந்தது, எந்த எழுத்து தகராறு செய்தது என்று உளவியலாளர் அவரிடம் கேட்பார், பையனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும். அன்றைக்கு இருக்கும் ஃபாரத்தை எல்லாம் நீங்கள் வழக்கம்போல் நிரப்பிவிடுங்கள்.